பரஸ்தானம் போன மருந்துப் பை

எங்கள் செங்கல்பட்டு மூத்தோர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு, கப்பல் சுற்றுலா போகிறவர்களுக்காக "ஜாலியா நாலு டிப்ஸ்" எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் ஒரு பயண நிறுவனத்தில் குழுக்களை அழைத்துக்கொண்டு போகும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி வருடங்களில் கப்பல் குழுக்கள் மட்டும்தான். எழுத உட்கார்ந்தேன். ஜாலி வரவில்லை, கோபம்தான் வந்தது. டிப்ஸ் இதற்குள்ளேயே இருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் விமான டிக்கெட் போடும் வேலை; கல்யாணத்துக்குப் பிறகு செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த இந்த நிறுவனம். நாள், கிழமை குறித்துவைப்பதும், கடற்பயணம் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பதும் என் பழக்கம். இந்தக் கரையிலிருந்து பாய்மரம் ஏறியவர்கள் காற்று திரும்புவதற்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள் என்று படித்திருக்கிறேன். இன்று, கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள் என்றால், "சும்மா ஒரு நாள் எதுக்கு மேடம் வேஸ்ட்டு?" என்கிறார்கள்.

அந்த ஒரு நாள் எதற்கு என்பதை ஓர் ஐப்பசி மாத வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குழு. சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். மீனம்பாக்கத்தில் விடாத மழை; காலையில் கிளம்ப வேண்டிய விமானம் மதியம்தான் கிளம்பியது. நாங்கள் வாடகை வேனில் துறைமுகத்தை நெருங்கும்போது எங்கள் கப்பல் வெள்ளையாக, பெரிதாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"அது நம்ம கப்பலா?" என்றார் ஓர் அம்மாள்.

"ஆமாம்மா."

"நாம இல்லாமயா போவுது?"

"பஸ்ஸா அது, கை காட்டி நிறுத்தறதுக்கு?" என்றார் அவர் கணவர்.

கப்பல் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே ஏறும் வழியை மூடிவிடுவார்கள். பயணிகள் விவரம் குடியேற்ற அதிகாரிகளிடம் போய்விடும். விமானம் தாமதம், மழை, டிராபிக் என்று அங்கே அழுவதில் பயனில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் மேலாளர் கோதண்டம் ஒரு விதி போட்டார்: எந்தக் குழுவானாலும் ஒரு நாள் முன்னதாகத்தான் விமானம். நல்ல விதி. அவர் போட்டதிலேயே ஒரே நல்ல விதி.

கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வாடிக்கையாளரிடமும் "முடியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் "பார்த்துக்கலாம்மா" என்பார். குரல் உயராது. மேசை மேல் ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட் இருக்கும். சங்கடமான பேச்சு வரும்போது அதை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். பேச்சு முடியும்போது அதைக் காகிதத்தின் மேல் வைத்தாரென்றால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. கத்துகிற மேலாளரிடம் திருப்பிக் கத்தலாம். இவரிடம் அதுவும் முடியாது.

மருந்து விஷயத்தில் என் முறை இது. பயணத்துக்குச் சில நாள் முன்னால் பயணியின் வீட்டுக்கே போவேன். காபி வேண்டாம், ஒரு தாம்பாளம் கொடுங்கள் என்பேன். கொண்டுபோகும் மருந்து அத்தனையையும் அதில் கொட்டச் சொல்வேன். என்னவெல்லாம் பார்த்திருக்கிறேன். இடத்தை அடைக்கிறது என்று அட்டையைக் கத்தரித்து, பெயரையும் காலாவதித் தேதியையும் வெட்டி எறிந்திருப்பார்கள். எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு, "மஞ்சள் காலைல, வெள்ளை ராத்திரி" என்பார்கள். வெள்ளையில் மூன்று வகை இருக்கும். மருத்துவரின் சீட்டைக் கேட்டால், "சுகர்லாம் ஒரு வியாதியா மேடம்? எல்லாருக்கும்தான் கீது" என்பார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள்; கடையில் விற்கும் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் அதில் வேண்டும், நம் ஊர்ப் பெயர் வெளிநாட்டு மருந்துக்கடையில் புரியாது. ஊசி கொண்டுபோனால் அதையும் கடிதத்தில் சொல்லச் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் சில நாடுகளில் முன்கூட்டியே அனுமதி கேட்கிறார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பயண நாட்களுக்கு மேல் தாராளமாக வைத்துக்கொண்டு, இரண்டாகப் பிரித்து, இரண்டையும் கைப்பையில் கொண்டுபோங்கள். பெரிய பெட்டியில் போடாதீர்கள். கப்பல் ஏறும் அன்று அந்தப் பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். இன்சுலின் என்றால் விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோகலாம், வெயிலில் வெந்துபோகலாம். இரண்டிலும் மருந்து செத்துப்போகும். பார்த்தால் சில சமயம் தெரியாது. நோயை மறைக்காதீர்கள், காப்பீட்டுக்காரர்களிடம் முக்கியமாக மறைக்காதீர்கள். "சொன்னா கூட்டிக்கினு போக மாட்டாங்க" என்று பயப்படுகிறீர்கள். சொல்லாமல் வந்தால் வழியில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

இனி விஜயலட்சுமி அம்மாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் உடம்பில் அது சுரப்பதே இல்லை. ஊசி நின்றால் உயிர் நிற்காது. கணவர் மனோகரன் சதுரங்கப்பட்டினத்துக்காரர், கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கூடுவாஞ்சேரியில். அவர்கள் சேர்ந்த குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் கப்பல். ஆகவே சனிக்கிழமை விமானம். சித்திரை மாதம். அந்தச் சனிக்கிழமை கரிநாள் என்று அவர்கள் கோதண்டத்திடம் போய் நின்றிருக்கிறார்கள். அவர் அந்த இருவருக்கு மட்டும் ஞாயிறு விடியற்காலை விமானம் போட்டுவிட்டார்.

"விதி போட்டது நீங்க சார்" என்றேன்.

"விதி இருக்கட்டும்மா. அவங்க மனசு சங்கடப்படக் கூடாது இல்லையா?" பேப்பர் வெயிட் உருண்டது.

"விமானம் லேட்டாச்சுன்னா?"

"பார்த்துக்கலாம்மா." வெயிட் காகிதத்தின் மேல் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போய்த் தாம்பாளம் கேட்டேன். ரத்த அழுத்த மாத்திரை வந்தது, கால்வலித் தைலம் வந்தது. இன்சுலின் எங்கே என்றேன்.

"அது கிளம்பிடுச்சு மேடம்" என்றார் மனோகரன்.

"எங்க கிளம்பிடுச்சு?"

"கப்பலுக்கு. நேத்து காலைல."

ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி; அதற்காகப் பரஸ்தானம் வைத்திருக்கிறார்கள். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் வரும் நல்ல நேரத்தில், பயணத்தில் கொண்டுபோகும் பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும் நாளில் அதைப் போகிற வழியில் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் அது வீடு திரும்பக் கூடாது, திறக்கவும் கூடாது. இன்சுலின் நிரப்பிய புதுப் பேனா ஊசிகள், சர்க்கரை பார்க்கும் மீட்டரின் புதுப் பட்டைகள் எல்லாம் ஒரு பையில் போய், அடுத்த தெருவில் ஜெயந்தி என்ற தோழியின் வீட்டில் இருந்தன.

"பையைத் திறந்து பார்க்கணும் சார்."

"போய்கினு கீற பைய எப்படி மேடம் தெறக்கறது?"

"அடுத்த தெருவுலதான இருக்கு?"

"அது உங்க கணக்கு. பஞ்சாங்கத்துக்கு அது இப்ப நடுக்கடல்ல கீது" என்றார் மனோகரன். விஜயலட்சுமி அம்மாள் சிரித்தார். "ஐஸ் ஜெல் வெச்சுதான் மேடம் குடுத்தேன். அவங்க ஃப்ரிட்ஜுல வெக்கவும் சொல்லிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பழைய பேனா ஞாயிறு காலையோடு தீர்ந்துவிடும். சனிக்கிழமை கடையில் இன்னொரு செட் வாங்கிக் கையோடு கொண்டுவாருங்கள் என்றேன்.

"வாங்கினா அது கரிநாள்ல வூட்டுக்கு வந்து, அஷ்டமில கிளம்புமே மேடம்" என்றார் அந்த அம்மாள். மனோகரன் பார்க்கலாம் என்பதுபோல் தலையாட்டினார். வாங்கவில்லை.

அடுத்த தெருவுக்குப் போனேன். ஜெயந்தி வீடு பூட்டியிருந்தது. வாசலில் அவர்களுடைய கார் நின்றது. தொலைபேசியில் பிடித்தேன், சுற்றிலும் அழுகைச் சத்தம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு சாவு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். "பை பத்திரமா கீது மேடம், கவலப்படாதீங்க" என்றார். சாவு வீட்டில் இருப்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கோதண்டத்தை அழைத்தேன். "அப்படியே விட்டுருங்கம்மா. செண்டிமெண்ட் விஷயம்" என்றார். சனிக்கிழமை நான் மற்றவர்களோடு விமானம் ஏறினேன்.

ஞாயிறு விமானம் நேரத்துக்கு வந்தது. இருவரும் கப்பல் ஏறினார்கள். மனோகரன் என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்காமல் கேட்டுக்கொண்டே நடந்தார். இரவு விருந்தில் விஜயலட்சுமி அம்மாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார், நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை உணவுக்கு அவர் வரவில்லை. வாந்தி என்றார் மனோகரன். குழுவில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த பஞ்சாட்சரம் என்பவர் இருந்தார். சொந்தமாகப் படகு வைத்திருந்தவர்.

"இன்னா அண்ணாத்த, சதுரங்கப்பட்டினத்துல பொறந்துட்டு சம்சாரத்துக்குக் கடல பழக்கி வெக்கலியா நீ?" என்றார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். "மொத நாளு அப்படித்தான். ஒரு மாத்திரய போட்டு கவுந்து படுக்கச் சொல்லு, சரியாப்பூடும்."

மனோகரன் கடல் வாந்திக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். கடல் அன்று குளத்துத் தண்ணீர்போல் கிடந்தது. அதனால்தான் நான் பின்னாலேயே போனேன்.

அறையில் கட்டிலைச் சுற்றிலும் காலித் தண்ணீர் பாட்டில்கள். விஜயலட்சுமி அம்மாள் வாயைத் திறந்து வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

"சுகர் எவ்வளவு?"

"மீட்டர் எர்ரர்னே காட்டுது மேடம். நேத்து சாயங்காலத்துலருந்து."

"ஊசி?"

"போட்டுகினுதான் கீறா. நானே போட்டேன்."

சக்கர நாற்காலி வரவழைத்து மருத்துவ அறைக்கு இறங்கினோம். கப்பலில் மருத்துவமனை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். அது மருத்துவமனை இல்லை. ஒரு டாக்டர், செவிலியர்கள், சில கட்டில்கள். கரை சேரும் வரை உயிரைப் பிடித்துவைக்கும் இடம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், தன்னிடமிருந்த இன்சுலினையும் உப்புநீரையும் ஏற்றினார். பிறகு அந்தப் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்கே இருந்தது?"

மனோகரன் ஜெயந்தி வீட்டு ஃப்ரிட்ஜ் என்றார். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நான் கப்பலிலிருந்தே ஜெயந்தியை அழைத்தேன்.

"ஃப்ரிட்ஜ்லயா? எப்படி மேடம் வெப்பேன்?" என்றார் அவர். "எங்க வூட்டுக்காரர் சித்தப்பா வியாழக்கிழம மத்தியானமே பூட்டாரு. தீட்டு வூட்டுல வெச்சா அவங்க பார்த்து வெச்ச நல்ல நேரம் இன்னாத்துக்கு ஆவும்? அதான் ஒடனே வெளிய எடுத்துட்டேன். கார்ல வெச்சு கண்ணாடியெல்லாம் ஏத்தி நல்லா பூட்டிட்டேன். யாரு கையும் படல மேடம். ஞாயித்துக்கிழம விடியக்காலைல நான்தான் வந்து எடுத்து குடுத்தேன்."

வியாழன் மதியத்திலிருந்து ஞாயிறு விடியும் வரை, சித்திரை வெயிலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள். மருந்தும் வெந்தது, மீட்டர் பட்டைகளும் வெந்தன. வெள்ளிக்கிழமை நான் அழைப்பு மணியை அடித்தபோது அந்தக் கார் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தது. ஜெயந்தியிடம் நான் கோபப்படவில்லை. தன் வீட்டுச் சாவுக்கு நடுவிலும் அடுத்தவர் நல்ல நேரத்தைக் காப்பாற்றியவர் அவர். மருந்தைத்தான் காப்பாற்றவில்லை. ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூருக்கு வந்திருந்தால் அந்த மீட்டர் கோளாறு ஹோட்டலிலேயே தெரிந்திருக்கும். கீழே இறங்கினால் மருந்துக்கடை. இப்போது நாலு பக்கமும் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை பினாங்கு. ஆம்புலன்ஸ் கரையில் காத்திருக்கும், இறக்கியாக வேண்டும் என்றார் டாக்டர். கோதண்டத்தை அழைத்தேன்.

"கப்பல்லயே டாக்டர் இருக்காரேம்மா. இறங்க வேணாம்னு சொல்லிப் பாருங்களேன்."

"அவங்க செத்துடுவாங்க சார்."

"அப்படில்லாம் பேசாதீங்கம்மா. சரி, அவங்க இறங்கட்டும். நீங்க குரூப்போட இருங்க."

கம்பியின் அந்தப் பக்கம் பேப்பர் வெயிட் மேசையில் உருளும் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். பஞ்சாட்சரம் அறை வாசலில் நின்றிருந்தார். காலையில் சிரித்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"நீ எறங்கும்மா. இந்தக் கூட்டத்த நான் மேச்சுக்கறேன். எங்க குப்பத்து ஆளுங்களயே மேச்சவன் நானு."

வழியில் இறங்க நேர்ந்தால் நினைவில் வையுங்கள்: பாஸ்போர்ட் சில சமயம் கப்பல்காரர்களிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். மருத்துவ அறையின் குறிப்பை வாங்குங்கள். பெட்டிகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கப்பல் திரும்பி வராது. மருத்துவமனையிலிருந்து நேராக விமானத்துக்கும் போக முடியாது. பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே மனோகரனும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் அழவில்லை. "மாத்திர குடுத்து படுக்கச் சொன்னேன் மேடம்" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அந்த அம்மாள் கண் திறந்து, "கப்பல் போயிடுச்சா?" என்று கேட்டார். பிழைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கோபம் ஆறியிருக்கும். நான் ஓய்வு பெற்ற மறு வருடம் கோதண்டம் ஒரு புதுச் சேவையை அறிவித்தார். உங்கள் நல்ல நேரத்தில் எங்கள் வண்டி வீட்டுக்கே வந்து பரஸ்தானப் பையை எடுத்துக்கொள்ளும். முத்திரையிட்டு அலுவலகத்தில் வைத்திருந்து, விமான நிலையத்தில் ஒப்படைக்கும். விளம்பரத்தில் விஜயலட்சுமி அம்மாள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் மறுபடியும் கப்பல். அவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

கோதண்டத்திடம் போய், பையில் மருந்து இருந்தால் எடுத்துக் குளிரில் வைப்பீர்களா என்று கேட்டேன்.

"திறக்கக் கூடாதேம்மா. திறக்காம இருக்கறதுதானே நம்ம சர்வீஸ்."

அங்கிருந்து நேராகக் கூடுவாஞ்சேரி. வியாழக்கிழமை காலை. கூடத்தில் பை தயாராக இருந்தது. மஞ்சள் தடவிய துணி சுற்றி.

"உள்ள என்ன இருக்கு?"

"மருந்துதான் மேடம்" என்றார் விஜயலட்சுமி அம்மாள்.

நான் கத்தினேன். எழுத வெட்கமாக இல்லை. பினாங்கில் பார்த்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "நல்ல நேரத்துல கிளம்புனதாலதான் மேடம் உயிரோட திரும்பி வந்தேன். இல்லன்னா கடல்லயே போயிருப்பேன்."

"ஒரு புடவையை அனுப்புங்களேன். ஒரு பிடி அரிசி அனுப்புங்களேன்."

"புடவ நல்லபடியா திரும்பி வந்து இன்னா பண்றது மேடம்? எது என் உசுரோ அதத்தான நல்ல நேரத்துல அனுப்பணும்?"

இவர்கள் அலட்சியக்காரர்கள் என்றுதான் அத்தனை காலம் திட்டிக்கொண்டிருந்தேன். அலட்சியம் இல்லை, பத்திரம். அந்தப் பத்திரம்தான் அவரைக் கொல்லப் பார்த்தது. வாசலில் கோதண்டம் அனுப்பிய வண்டி வந்து ஹாரன் அடித்தது. மனோகரன் பையைத் தூக்கினார்.

"தீர்ந்துபோன பேனா இருக்கா?" என்று கேட்டேன்.

"குப்பைல கீது."

"அதை எடுங்க. அதுவும் இவங்க உயிரைக் காப்பாத்தின மருந்துதான். இவங்க உடம்புக்குள்ள போனது. அதை அனுப்புங்க. புதுசு ஃப்ரிட்ஜுல இருக்கட்டும்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹாரன் மறுபடியும் அடித்தது.

"அது செல்லுமா மேடம்?" என்றார் மனோகரன்.

எனக்கு நாளிலும் நம்பிக்கையில்லை, நேரத்திலும் நம்பிக்கையில்லை.

"செல்லும்" என்றேன்.

"யாரு சொன்னாங்க?"

"நான் பஞ்சாங்கம் படிச்சவ. செல்லும்."

விஜயலட்சுமி அம்மாளே பையைப் பிரித்து, புதுப் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலிப் பேனாவைக் கழுவிக் குங்குமம் வைத்து, துணி சுற்றி, நேரம் தவறுவதற்குள் வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

டிரைவர் முத்திரை ஒட்டி, பையை டிக்கியில் வைத்துப் பூட்டினார். வண்டியை வெயிலிலேயே விட்டுவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார்.